பவுன் 141 ரூபாய், டீ 10 காசு.. அப்புறம் ஒரு காணாமப் போன வரி

வாட்சப்புல மாசத்துக்கு ஒருக்காவாவது இந்தப் படம் வந்துரும். பழுப்பு கலர் பேப்பர் டிசைன், மேல ஒரு மாட்டு வண்டி. "அந்தக் காலம் பொற்காலம்! பவுன் 130 ரூபாய்! டீ 10 பைசா! சினிமா 25 பைசா!" கீழ நாலு அழுகை பொம்மை. அனுப்புறவங்க எல்லாம் பெரும்பாலும் 1980க்கு மேல பொறந்தவங்கதான் :)

விலை பொய்யில்லைங்க. 1968ல 10 கிராம் தங்கம் சுமார் 162 ரூபாய், 1969ல 176 ரூபாய். பவுனுக்கு (8 கிராம்) கணக்குப் போட்டா 130, 141. அதெல்லாம் சரி. ஆனா அந்தப் படத்துல எப்பவுமே ஒரு நம்பர் மட்டும் இருக்காது. கூலி எவ்வளவு? அதைச் சொல்லாம விலையை மட்டும் சொல்றது, பேட்ஸ்மேன் அடிச்ச ரன்னைச் சொல்லிட்டு எத்தனை பந்துன்னு சொல்லாம விடுற மாதிரி.

எங்கிட்ட அந்த நம்பர் இருக்கு. என்ற அப்பாரு சென்னிமலையில கைத்தறி நெசவாளி. குழித்தறியில பெட்ஷீட், துண்டு நெய்வாரு. எம்.பி.நாச்சிமுத்து மாதிரி ஆளுங்க கூட்டுறவு நெசவை வளர்த்துவிட்ட ஊர். நூலை வாங்கிட்டு வந்து, நெஞ்ச துணியைக் கொண்டுபோய்க் குடுத்தா வாரா வாரம் கூலி. அவரு 1968, 1969 ரெண்டு வருசமும் ஒரு நீட்டு நோட்டுல வரவு செலவு எழுதி வெச்சிருக்காரு. அஞ்சாங்கிளாஸ் படிப்புதான், ஆனா எழுத்து அச்சு மாதிரி. (எனக்கு அந்தக் கையெழுத்து வரல. பொட்டி தட்டுறவனுக்கு எதுக்கு கையெழுத்து, ஹி ஹி..) இன்னொண்ணு, அப்போ நாங்க ஈரோடு மாவட்டம் கிடையாது. பெரியார் மாவட்டம்னு தனியாப் பிரிச்சதே 1979லதான். நோட்டோட அட்டையில "சென்னிமலை, கோயமுத்தூர் ஜில்லா"ன்னு எழுதியிருக்கு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

வாரக் கூலி பெரும்பாலும் 14ல இருந்து 16 ரூபாய். ஆறு நாள் தறின்னா நாளைக்கு ரெண்டரை ரூபாய். இதை ஒரு அளவுகோலா வெச்சுக்குங்க. செலவுப் பக்கத்துல இருந்து கொஞ்சம்:

டீ - 10 காசு
இட்லி ரெண்டு - 10 காசு
பீடிக்கட்டு - 15 காசு
தபால் கார்டு - 10 காசு
டூரிங் கொட்டாய் தரை டிக்கெட் - 25 காசு
பாட்டுப் புஸ்தகம் - 10 காசு
அரிசி ஒரு படி - 1.40

இப்போ கூலியால வகுத்துப் பாருங்க. சினிமா தரை டிக்கெட், ஒரு நாள் கூலியில பத்துல ஒண்ணு. அரிசி ஒரு படி, அதாவது ஒன்றரை கிலோ சுமார், ஒரு நாள் கூலியில பாதிக்கு மேல! நூறு நாள் வேலைத் திட்டத்துல 2024-25க்கு தமிழ்நாட்டுல நிர்ணயிச்ச கூலி 319 ரூபாய். அதுல ஒன்றரை கிலோ சுமாரான அரிசி வாங்கினா கால் பங்குதான் போகும். அதே 319ல டவுன் தியேட்டர்ல ஒரு டிக்கெட், இடைவேளையில ஒரு பாப்கார்ன் வாங்கினா காலி. அதாவது அன்னைக்கு சினிமா சல்லிசு, சோறு கிராக்கி. இன்னைக்கு சோறு சல்லிசு, சினிமா கிராக்கி. நம்ம தாத்தா பாட்டிக தலைமுறை ஏன் சினிமா மேல அத்தனை உசுரா இருந்தாங்கன்னு எனக்கு இப்பத்தான் பிடிபட்டுது. ஏழையால முழுசா வாங்க முடிஞ்ச ஒரே சந்தோசம் அதுதான்.

நோட்டுல அரிசி எப்போ வருதுன்னும் பார்த்தேன். அமாவாசை, தைப்பூசம், பொங்கல், தீபாவளி, விருந்தாடி வந்த நாள். மத்த நாளெல்லாம் கம்பு, சோளம், ராகிதான். எங்க பக்கம் அப்போ அரிசிச் சோறுங்கறதே ஒரு நோம்பி ஐட்டம். 1967 தேர்தல்ல "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்"னு ஒரு கோஷம் எப்படி ஆட்சியையே மாத்தும்னு நான் யோசிச்சதுண்டு. 1.40ஐயும் 2.50ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா ஆச்சரியமே இல்லை. ஜெயிச்சதுக்கப்புறம் ரூபாய்க்கு ஒரு படி திட்டத்தைச் சென்னையிலயும் கோவையிலயும் ஆரம்பிச்சாங்க. கவர்மெண்ட்டுக்குக் கட்டுப்படியாகாம மாநிலம் முழுக்க விரிக்க முடியல. எங்க நோட்டுல அந்த ஒரு ரூபாய் அரிசி வரவே இல்லை. 2011 ஜூன்ல இருந்து ரேசன்ல அரிசியே இலவசம். நடுவுல 44 வருசம்.

சினிமாப் பக்கம் சுவாரசியமானது. தில்லானா மோகனாம்பாள் 1968 ஜூலையில ரிலீஸ், அடிமைப்பெண் 1969 மே. எங்க ஊர் கொட்டாய்க்கு வர்றதுக்கு மாசக் கணக்காகும். அப்பாரு சிவாஜி கட்சி, ஆத்தா எம்ஜியார் கட்சி. நோட்டுல ரெண்டு பேரு படமும் கிட்டத்தட்ட சரிசமமா வருது. குடும்ப அமைதிக்கான கூட்டணி ஆட்சின்னு நினைக்கிறேன். ஒரே புரொஜெக்டர்ங்கறதால ரீல் மாத்த மாத்த மூணு இடைவேளை, மணலைக் குவிச்சு மேடை கட்டி உக்காந்துக்கறது, பின்னாடி இருக்கறவன் அதை எட்டி உதைக்கறது.. இதெல்லாம் அத்தை சொன்னது. வீட்டுல ரேடியோ கிடையாது. அதுக்கு போஸ்டாபீசுல வருசா வருசம் லைசென்ஸ் வேற கட்டணும். பஞ்சாயத்து ரேடியோவும், டீக்கடையில சிலோன் ஸ்டேசனும்தான்.

1968லதான் தமிழ்நாடு அரசு லாட்டரி வந்துது. டிக்கெட் ஒரு ரூபாய், பரிசு ஒரு லட்சம். நோட்டுல ஒரே ஒரு தடவை "லாட்டரி 1.00" இருக்கு. அதுக்கு மேல கிடையாது. அரை நாள் தறிக்குக் கொஞ்சம் குறைச்சலா காத்துல போச்சேன்னு வயிறு எரிஞ்சிருக்கும். அதே வருசம் வந்த தாமரைப்பூ போட்ட மஞ்சள் 20 காசை ஆத்தா செலவு பண்ண விடாம சாமி மாடத்துல வெச்சிருந்தாங்களாம். "வரவு: 20 காசு (மாடம்)"னு அதையும் எழுதியிருக்காரு மனுசன்!

காசு இல்லாத வரி மொத்த நோட்டுலயும் ஒண்ணே ஒண்ணுதான். 3-2-69. "அண்ணா காலமானார். தறி இல்லை." அவ்வளவுதான். அதுக்குக் கீழ "கறுப்புத் துணி 20". அதே வருசம் ஜூலையில 14 பேங்க்கை நாட்டுடைமை ஆக்கினாங்க, அடுத்த ரெண்டே நாள்ல மனுசன் நிலாவுல எறங்கினான். அந்த வாரத்துப் பக்கத்துல உப்பு, சீமெண்ணெய், தோடு அடமான வட்டி.

இப்போ பவுனுக்கு வர்றேன். 1969ல பவுன் 141ன்னா, ரெண்டரை ரூபாய் கூலிக்கு 56 நாள் உழைப்பு. 2025ல 10 கிராம் லட்சத்தைத் தாண்டிடுச்சு. லட்சம்னே வெச்சாலும் பவுன் 80,000. 319 ரூபாய் கூலிக்கு 250 நாள். அப்போ வாட்சப் படம் சொல்றது சரிதானே, அன்னைக்குத் தங்கம் நிஜமாவே சல்லிசுதானேன்னு கேப்பீங்க. கணக்குப்படி ஆமா. ஆனா அந்த ரெண்டு வருசத்துல அப்பாரு வாங்கின தங்கம் ஒரு குண்டுமணி இல்லை. தானியம், சீமெண்ணெய், வட்டி போக வாரக் கடைசியில மிஞ்சினது எட்டணா, பத்தணா. மழைக்காலத்துல அதுவும் இல்லை. தறிக் குழியில தண்ணி ஊறிக்கும், பாவைத் தெருவுல இழுத்துக் கட்டிக் கஞ்சி போட முடியாது. அந்த வாரமெல்லாம் "வரவு இல்லை"தான். சாப்பாட்டுக்கே முக்கால்வாசி போறவனுக்கு பவுன் 141 ஆனா என்ன, 41 ஆனா என்ன?

இதெல்லாத்தையும் எக்செல்ல ஏத்திப் பார்க்கும்போதுதான் ஒண்ணு கண்ணுல பட்டுது. 1968 முழுக்க, ஒவ்வொரு வாரமும் ஒரு செலவு: "தார் கூலி 2.00". நெசவு தெரியாதவங்களுக்கு: நாடாவுக்குள்ள போற ஊடை நூலை ராட்டையில சின்னக் குச்சியில சுத்திக் குடுக்கணும், அதுதான் தார். தறியில ஒருத்தர் உக்காந்தா தார் சுத்த இன்னொருத்தர் வேணும். ஆத்தாளுக்கு அப்போ கைக்குழந்தை, என்ற அப்பா. அதனால பக்கத்து வீட்டு அம்மா சுத்திக் குடுத்திருக்காங்க, வாரம் ரெண்டு ரூபாய். 1969 மே கடைசி வரைக்கும் இந்த வரி இருக்கு. ஜூன்ல இருந்து இல்லை. தறி ஓடுது, கூலி வருது, ஆனா தார் கூலி மட்டும் இல்லை.

அப்பாகிட்ட கேட்டேன், தெரியலைன்னுட்டாரு. பெரிய அத்தைகிட்ட போன் பண்ணிக் கேட்டேன்.

"அத்தை, 69 ஜூன்ல இருந்து தார் யாருங்க சுத்துனது?"

"நாந்தான் கண்ணு. எட்டாவது முடிச்சதோட நிறுத்திப் போட்டாங்க இல்ல.."

சாதாரணமாச் சொன்னாங்க. மழை பெஞ்சுதுங்கற மாதிரி.

ஏழை வீட்டுப் பசங்களுக்குப் பள்ளிக்கூடத்துல ஃபீஸ் இல்லைன்னு காமராஜர் காலத்துலயே ஆக்கிட்டாங்க. மதியச் சோறும் இருந்துது. அப்படியும் ஏன் படிப்பு நின்னுதுன்னா, படிப்போட விலை ஃபீஸ் இல்லை, அந்த ரெண்டு ரூபாய். வாரம் ரெண்டுன்னா வருசத்துக்கு 104. அப்போ எஸ்.எஸ்.எல்.சி.ங்கறது பதினொண்ணாவது. இன்னும் மூணு வருசம் படிச்சிருக்கணும். 312 ரூபாய். 69ஆம் வருச விலைக்கு ரெண்டே கால் பவுன்கூட வராது.

அந்தக் காசு எங்க போச்சுன்னும் நோட்டுலயே இருக்கு. 1969 கடைசியில ஆத்தாளோட தோடு மீட்டாச்சு. வட்டி வரி நின்னுடுச்சு. வாரக் கடைசி மிச்சம் ஒன்றரை, ரெண்டு ரூபாய்னு ஏறுது. ரெண்டு வருசத்துல முதல் தடவையா குடும்பம் தண்ணிக்கு மேல தலையைத் தூக்குது. அப்பாரைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா அந்த மூச்சு யாரு குடுத்ததுன்னு வரவுப் பக்கத்துல எழுதியிருக்கணும். எழுதல. கூலி குடுக்காத உழைப்புக்கு நோட்டுல இடம் கிடையாது. அந்தக் கைக்குழந்தைதான் பின்னாடி டிப்ளமோ படிச்சு வேலைக்குப் போனது. அவரு பையன் நான் இன்ஜினியரிங் படிச்சேன்.

அத்தை பேரு எங்கியாச்சும் இருக்கான்னு அவங்களே கேட்டாங்க. தேடினேன். 1969 அக்டோபர்ல ஒரு இடத்துல: "பாப்பாளுக்குப் பாட்டுப் புஸ்தகம் 10". சொன்னதும் சிரிச்சுட்டாங்க. ராட்டைக்குப் பக்கத்துல அதை வெச்சுத்தான் படிச்சுட்டே சுத்துவாங்களாம். எழுத்து மறக்காம இருந்ததே அதனாலதானாம். இப்பவும் தினத்தந்தி வந்தா வீட்டுல முதல்ல அவங்க கைக்குத்தான் போகணும்.

அதனால மக்களே, அடுத்த தடவை "பவுன் 130 ரூபாய்" படம் வந்தா அழுகை பொம்மை போடறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. அன்னைக்கு உங்களுக்குக் கூலி எவ்வளவுங்க? கூலியே வாங்காம வேலை செஞ்சது யாருங்க? பரண்ல இந்த மாதிரி நீட்டு நோட்டு ஏதாவது கிடந்தா பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுராதீங்க.

எங்க நோட்டு இப்போ அத்தைகிட்ட இருக்கு. பைண்டிங் பிரிஞ்சிருந்துதுன்னு அவங்களே ஊடை நூலால தெச்சு வெச்சிருக்காங்க.