காட்சியும் கருத்தும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது திருவள்ளூர். வீரராகவப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற அந்நகரை அடுத்து மணவாள நகர் என்னும் ஊர் உள்ளது. பொழுது புலர்வதற்கு முன்னரே அவ்வூர் விழித்துக்கொள்ளும். கையில் உணவுத் தூக்குடன் மின்சார ரயிலை நோக்கி விரைவார் பலர். தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரத்தில் காத்து நிற்பார் பலர். இரவில் களைத்து வீடு திரும்பும் அவர்களுக்குப் பெரும்பாலும் இளைப்பாறுதல் தருவது தொலைக்காட்சிப் பெட்டியேயாம்.

அவ்வூரில் ஓய்வு பெற்ற தொழிலாளர் ஒருவர் வாழ்ந்து வருகிறார். 'லேத்து' எனத் தொழிலாளர் வழங்கும் கடைசல் எந்திரத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தவர் அவர். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு பிழைத்தாலும் கடைந்த உருப்படி கழிக்கப்படும் என்பதை நன்கு அறிந்தவர். அவர் இல்லத்து அலமாரியில் பதினொரு குறிப்பேடுகள் உள்ளன. தாம் கண்ட திரைப்படங்களையும் தொலைக்காட்சி நாடகங்களையும் பற்றிய கருத்துகளை அவர் அவற்றில் எழுதி வைத்துள்ளார். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், கண்ட நாள், நிறை, குறை, காரணம் என ஐந்து கட்டங்கள் இருக்கும்.

இப்பழக்கம் அவருக்கு எவ்வாறு உண்டாயிற்று? இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் தொடங்கியது. சென்னைக்கு அது வந்து சேர்ந்தது 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். அக்காலத்தில் தெருவுக்கு ஒரு பெட்டி இருப்பதே அரிது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' காணவும், ஞாயிறு மாலையில் தமிழ்த் திரைப்படம் காணவும் பெட்டி உள்ள வீட்டில் அண்டை அயலார் அனைவரும் கூடுவர். காகம் அமர்ந்து ஆன்டெனா திரும்பிவிடின், மாடியில் ஒருவர் அதனைத் திருப்ப, வீட்டினுள் இருப்போர், "வந்துவிட்டது, வந்துவிட்டது!" என்று கூவுவர்.

அந்நாளில் சென்னைத் தொலைக்காட்சி 'எதிரொலி' என்னும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தியது. நேயர்கள் எழுதிய கடிதங்களைப் படித்து, நிலையத்தார் அதில் விடை கூறுவர். நிகழ்ச்சி நன்று என்று மட்டும் எழுதியவர்க்கு நன்றி கிடைத்தது. காரணம் காட்டிக் குறை கூறியவர்க்கோ விளக்கம் கிடைத்தது. வீட்டில் அமர்ந்து காண்பவனுக்கும் கருத்துக் கூறும் உரிமை உண்டு என்பதையும், அக்கருத்துக்கு வலிமை தருவது காரணமே என்பதையும் அவர் அன்று உணர்ந்தார். மறுநாளே முதற் குறிப்பேட்டை வாங்கினார்.

கலையை மதிப்பிட்டுரைத்தல் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, அரங்கின் அளவையும் எழினியின் வகைகளையும் விளக்கமாகக் கூறும். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைக்கப்பட்டதையும் அது சொல்லும். மாதவியின் ஆடலை முழுவதும் கண்ட பின்னரே மன்னன் அவளுக்குத் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் வழங்கினான்.

முழுவதும் காணும் பொறுமை அப்பெரியவரிடமும் இருந்தது. ஒரு ஞாயிறு மாலையில் 'அந்த நாள்' என்னும் படம் காட்டப்பட்டது. எஸ். பாலசந்தர் இயக்க, ஏ.வி.எம். நிறுவனம் 1954-இல் வெளியிட்ட படம் அது. 1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்த நாள் முதலாகப் பாட்டே தமிழ்ப் படத்தின் உயிர் என்று கருதப்பட்டது. 'அந்த நாள்' படத்திலோ ஒரு பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. கொலையுண்ட ஒருவனைப் பற்றிப் பலர் பலவாறு கூறுவதே அதன் கதைப்போக்கு. புதுமையை ஏற்காத மக்கள் அன்று அரங்குகளில் ஏமாற்றம் அடைந்தனர். பிற்காலத்தவரோ அதனைத் தமிழின் சிறந்த படங்களுள் ஒன்றாகப் போற்றினர்.

அன்று மாலை கூடியிருந்தோரும், "பாட்டு எப்போது வரும்?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்து, ஒருவர் பின் ஒருவராக எழுந்து சென்றனர். இறுதிவரை இருந்தவர் அவர் ஒருவரே. "ஒரே மனிதன் காண்பவர்க்கு ஏற்ப வேறு வேறாகத் தோன்றுகிறான். பாட்டு வந்திருந்தால் இவ்வெண்ணம் கலைந்திருக்கும்" என்று அன்றிரவு குறிப்பேட்டில் எழுதினார். முழுவதும் காணாமல் குறை கூறிச் சென்றவர்களைப் பற்றிப் பல ஆண்டுகள் நகையாடி வந்தார்.

அவ்வாறு நகையாடியவரே அப்பிழையைச் செய்யும் நாளும் வந்தது. தனியார் தொலைக்காட்சிகள் பெருகிய பின்னர், நெடுந்தொடர்கள் வீடுதோறும் புகுந்தன. அவற்றுள் திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை எண்ணூறு பகுதிகளுக்கு மேல் ஒளிபரப்பாயிற்று. தாயை இழந்த ஐந்து பெண்களைத் தந்தை ஒருவர் வளர்த்து மணம் செய்து கொடுப்பதும், அவர்கள் புகுந்த வீடுகளில் படும் பாடும் அதன் கதை. பெரியவரின் மனைவியார் அதனை நாள்தோறும் கண்டு வந்தார். பெரியவரோ கைகழுவச் செல்லும் வழியில் அரை நிமிடம் நின்று நோக்கிவிட்டு, "பெண்களை அழவைத்துப் பொருள் ஈட்டும் தொடர். நிறை: இல்லை" என்று எழுதினார். காரணம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

மறுநாள் அலமாரியைத் துடைத்த அம்மையார் அப்பக்கத்தைக் கண்டார். இரவு உணவு பரிமாறும்போது, "உங்களை ஒன்று கேட்கிறேன். பட்டறையில் ஓர் உருப்படியைத் திருகு அளவி வைத்துப் பார்க்காமல் கழித்துவிடுவீர்களா?" என்றார்.

"அது எப்படி? அளந்த பிறகுதானே கழிக்க வேண்டும்!"

"அப்படியானால், நான் பார்க்கும் தொடரை எத்தனை நாள் அளந்தீர்கள்?"

பெரியவர் விடை கூறவில்லை. அம்மையார் குரலை உயர்த்தாமல் மேலும் சொன்னார்: "என் தலைத் தீபாவளிக்குச் சீர் சுமந்து வந்த என் தந்தையார், உள்ளே வாருங்கள் என்று ஒருவரும் அழைக்காமையால், இந்த வீட்டுத் திண்ணையில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். நீங்களும் அப்போது உள்ளேதான் இருந்தீர்கள். அந்தத் தொடரில் வரும் தந்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது. அதில் நிறையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்."

பெரியவர்க்கு அன்று உணவு செல்லவில்லை. மறுநாள் முதல் ஒரு மாதம் மனைவியாரின் அருகில் அமர்ந்து அத்தொடரைக் கண்டார். அவர் கண்டது தொடரை மட்டுமன்று. மனைவியாரின் நுண்ணறிவையும் கண்டார். வீட்டில் இறுதியாக உண்பவர் யார், கேட்ட கேள்விக்கு விடை கூறாமல் தலைகுனிபவர் யார் என்பவற்றை அம்மையார் உடனே சுட்டிக் காட்டினார். குறைகளையும் அவர் மறைக்கவில்லை. "ஒரு நாளில் முடியும் பேச்சை ஒரு வாரம் இழுக்கிறார்கள்" என்பார். வேறு தொடர்களில், பட்டுடுத்தி நகையணிந்தபடியே உறங்கும் பெண்களையும், கரி படியாத சமையலறைகளையும் கண்டு நகைப்பார். இருபது ஆண்டுகளாகத் தம் வீட்டிலேயே தம்மினும் சிறந்த திறனாய்வாளர் ஒருவர் இருந்ததைப் பெரியவர் அப்போதுதான் அறிந்தார்.

மாத இறுதியில் குறிப்பேட்டை எடுத்தார். பழைய வரியை அழிக்கவில்லை. அதன் கீழ், "மேலே எழுதியது காணாமல் எழுதியது. நிறை: பெண்ணைப் பெற்றவரின் தாழ்வை உள்ளபடி காட்டுகிறது. குறை: நீளம். காரணம்: இவ்வீட்டுத் திண்ணை" என்று எழுதி, மனைவியாரிடம் படித்துக் காட்டினார். அம்மையார் ஒன்றும் சொல்லாமல் அவர்க்கு மோர் கொண்டுவந்து வைத்தார். அன்று முதல் ஒவ்வொரு பக்கத்திலும் ஆறாவது கட்டம் ஒன்று சேர்ந்தது. அம்மையார் சொல்லச் சொல்ல, அதனைப் பெரியவர் எழுதி வருகிறார்.

இந்நாளில் திரை, கைப்பேசி அளவிற்குச் சுருங்கிவிட்டது. பத்து நொடியில் ஒரு படத்தைத் தள்ளிவிட்டு மற்றொன்றிற்குச் செல்ல விரல் ஒன்று போதும். பள்ளியில் பயிலும் பேத்தி ஒருநாள் கைப்பேசியை வைத்துவிட்டு, "தாத்தா, இந்தப் படம் கொஞ்சமும் நன்றாக இல்லை" என்றாள்.

"எவ்வளவு நேரம் பார்த்தாய், அம்மா?"

"ஐந்து நிமிடம்."

பெரியவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அலமாரியிலிருந்து அப்பழைய குறிப்பேட்டை எடுத்து, திருத்தம் எழுதிய பக்கத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தார். பேத்தி அதனை இருமுறை படித்தாள். பின்னர்க் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பாட்டியின் அருகில் சென்று அமர்ந்து, அப்படத்தை மீண்டும் முதலிலிருந்து காணத் தொடங்கினாள்.