மார்ல்பரோச் சங்கீதக் குன்று

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கே வெர்மாண்ட் என்றொரு சிறு மாகாணம் இருக்கிறது. பெயருக்குப் பச்சை மலை என்று பொருள், பெயர் பொய்யல்ல. பாஸ்டன் நகரிலிருந்து மோட்டாரில் புறப்பட்டு, கனெக்டிகட் நதிக்கரையிலுள்ள பிராட்டில்பரோவை அடைந்தோம். அங்கிருந்து மேற்கே மலையேறும் சாலையில் சுமார் 10 மைல் போனால் மார்ல்பரோ. ஒரு வெள்ளைத் தேவாலயமும் அதைச் சுற்றிச் சில வீடுகளுந்தான் கிராமம். அதைத் தாண்டிக் காட்டுப் பாதையில் திரும்பியதும் ஓர் அறிவிப்புப் பலகை எதிர்ப்பட்டது. மற்ற ஊர்களில் "குழந்தைகள் விளையாடும் இடம், ஜாக்கிரதை" என்று எழுதியிருக்குமல்லவா? இங்கே, "ஜாக்கிரதை! சங்கீதக்காரர்கள் விளையாடுகிறார்கள்" என்று கண்டிருந்தது. வாத்தியம் வாசிப்பதற்கும் விளையாடுவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அந்தச் சிலேடையைத் தமிழில் கொண்டுவருவது நம்மால் ஆகிற காரியமன்று.

ஒவ்வொரு வருஷமும் கோடையில் ஏழு வாரம், பல தேசங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 80 வித்வான்கள் இந்தக் குன்றில் கூடுகிறார்கள். பெரும்பாலோர் வாலிபர்களும் யுவதிகளும். மற்றவர்கள் பெயர் பெற்ற மூத்தவர்கள். மேனாட்டார் 'சேம்பர் மியூஸிக்' என்று சொல்வதைத்தான் இவர்கள் வாசிக்கிறார்கள். நாம் அதைக் கூடத்துச் சங்கீதம் என்று சொல்லலாம். மூன்று பேரோ, நாலு பேரோ, மிஞ்சிப் போனால் எட்டுப் பேரோ உட்கார்ந்து வாசிப்பார்கள். எதிரே நின்று கோலை ஆட்டிக் காலப்பிரமாணம் காட்டுகிறவர் பெரும்பாலும் கிடையாது. நமது கச்சேரியைப் போல் பிரதான வித்வான், பக்கவாத்தியம் என்ற ஏற்பாடும் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை. ஒருவர் தடுமாறினால் மறைத்துக்கொள்ள இடமில்லை. ஆகையால் பக்கத்திலிருப்பவரைக் காதால் கேட்பதுதான் இந்த வித்தையில் பாதி.

இவ்வளவு ஒதுக்கமான இடத்திற்கு இந்த வித்தை எப்படி வந்து சேர்ந்தது? 1933-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி ஹிட்லர் கட்சியார் ஜெர்மனியெங்கும் யூதர்களின் கடைகளைப் பகிஷ்காரம் செய்தார்கள். அப்போது பிடில் வாத்தியத்தில் ஜெர்மனியின் முதல் வரிசையில் நின்றவர் அடால்ஃப் புஷ். அவர் யூதர் அல்லர். வாயைத் திறவாமல் இருந்திருந்தால் பட்டமும் பணமும் தாமாக வந்து குவிந்திருக்கும். அவரோ அந்த அநியாயத்தைக் கண்டதும் ஜெர்மனியில் ஒப்புக்கொண்டிருந்த கச்சேரிகள் அனைத்தையும் ரத்துச் செய்தார். ஹிட்லர் ஆட்சி இருந்தவரை தாய்நாட்டில் மேடையேறவே இல்லை. அவருடன் பியானோ வாசித்து வந்த ருடால்ஃப் செர்க்கின் யூத குலத்தவர்; 1935-ல் புஷ்ஷின் மகளை மணந்தார். ஸ்விட்ஸர்லாந்திலே பேஸல் நகரில் வசித்து வந்த இந்தக் குடும்பம், 1939-ல் அமெரிக்கா சேர்ந்தது. வெர்மாண்டில் கில்ஃபோர்டு என்ற கிராமத்தில் வீடு வாங்கியது.

அதே பிரதேசத்தில் 1946-ல் வால்ட்டர் ஹெண்ட்ரிக்ஸ் என்பவர் ஒரு சிறு கலாசாலையை ஆரம்பித்தார். யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் படிப்பதற்காக ஏற்பட்டது அது. பழைய பண்ணையின் வீடுகளும் கொட்டில்களுமே வகுப்பறைகளாயின. கோடை விடுமுறையில் காலியாகக் கிடக்கும் அந்த இடத்தில்தான் 1951-ல் சங்கீத விழா முறையாகத் தொடங்கியது. புஷ்ஷும், அவர் தம்பி செல்லோ வித்வான் ஹெர்மானும், செர்க்கினும் ஒரு பக்கம். பிரெஞ்சுப் புல்லாங்குழல் மேதை மார்ஸெல் மொயீஸும், அவர் மகன் லூயியும், மருமகள் பிளான்ஷும் மற்றொரு பக்கம். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் அடுத்தடுத்து இரண்டு மகாயுத்தங்களில் ஒருவரையொருவர் கொன்று தீர்த்த காலம் அது என்பதை நேயர்கள் மறக்கலாகாது. மறு வருஷம், 1952 ஜூனில், புஷ் காலமானார். பாரம் முழுவதும் செர்க்கின் தோளில் விழுந்தது. 1991-ல் தாம் மறையும்வரை அவர் அதை இறக்கி வைக்கவில்லை.

புஷ்ஷின் எண்ணம் எளியது. நகரத்தில் வித்வானுக்கு நேரம் இல்லை. இரண்டு ஒத்திகை, உடனே மேடை, அடுத்த ரயில். இங்கே அந்த அவசரம் கூடாது. மூத்தவர் ஒருவரும் இளைஞர் மூவருமாக ஒரு கோஷ்டி சேரும். ஒரே உருப்படியை வாரக் கணக்கில் சாதகம் செய்யும். மூத்தவர் குரு பீடத்தில் அமர்ந்து பாடம் சொல்வதில்லை. தாமும் ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு வாசிக்கிறார். தயாராகிவிட்டது என்று கோஷ்டியார் சம்மதித்தால்தான் மேடை. ஒரு கோடையில் 200-க்கு மேற்பட்ட உருப்படிகள் எடுக்கப்படுகின்றன. சபைக்கு வருவது ஏறக்குறைய கால் பங்கே. மற்றவை வாசித்தவர்களோடு போய்விடும்.

ஒரு கட்டிடத்தின் ஜன்னலுக்கு வெளியே புல்தரையில் உட்கார்ந்து நாமும் ஒரு ஒத்திகையைக் கேட்டோம். உள்ளே இருந்தவர்கள் நாலைந்து வினாடி நேரமே ஒலிக்கும் ஓரிடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். நடுவே பேச்சு; மறுபடி வாசிப்பு; சிறு வாதம். இளைய குரல் ஒன்று பிடிவாதமாக ஏதோ சொல்லிற்று. முதிய குரல், "சரி, உன் வழியிலேயே பார்ப்போம்" என்றது. பார்த்தார்கள். அரைமணி கழித்து நாம் எழுந்தபோதும் அந்த இடத்தைத் தாண்டவில்லை. கேட்பவருக்கு இதில் ரஸம் உண்டா என்றால், நமக்கு இருந்தது. நம்முடன் வந்த நண்பர் காருக்குப் போய்த் தூங்கிவிட்டார்.

போஜன சாலையில் வேறொரு கோலாகலம். காகிதக் கைத்துடைப்பான்களைச் சுருட்டிப் பந்தாக்கி ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொள்வது இங்கே பழைய சம்பிரதாயம். செர்க்கினே இதில் சமர்த்தராம்! பெரிய வித்வானின் நெற்றியில் காகிதப் பந்தை எறிந்துவிட்ட பையன், மறுநாள் காலை அவர் வாசிப்பில் குற்றம் கண்டால் வாய் திறந்து சொல்வான் என்பதே இதன் சூட்சுமமென்று நமக்குத் தோன்றியது.

1960-ல் செல்லோ மேதை பாப்ளோ கஸால்ஸ் இங்கே வந்தார். பிராங்கோவின் சர்வாதிகாரத்தை ஒப்பாமல் ஸ்பெயினைத் துறந்தவர் அவர். 83 வயதில் வந்தவர், 1973 கோடை வரை வந்துகொண்டிருந்தார். அவ்வருஷம் அக்டோபரில் 96-ஆம் வயதில் மறைந்தார். 1964-ல் இந்தக் குன்றில் பழகிய நால்வர் குவார்னெரி என்ற நால்வர் குழுவாகச் சேர்ந்து, 2009 வரை நாற்பத்தைந்து வருஷம் வாசித்தார்கள். 1965 முதல், இங்கே உருவான கோஷ்டிகள் மற்ற நகரங்களுக்கும் யாத்திரை செல்லத் தொடங்கின. இன்று உலகமறிந்த யோ-யோ மா இங்கே வாலிபராக வாசித்தவர். தமக்கு வாய்த்த மனைவியைச் சந்தித்ததும் இங்கேதான். 1999-ல் பியானோ விதுஷி மிட்சுகோ உசிதாவும் ரிச்சர்டு கூடும் தலைமையை ஏற்றார்கள். 2018-ல் ஜோனதன் பிஸ் அதில் சேர்ந்தார்.

விழா வளர்ந்தது என்றால் கூட்டம் வளர்ந்தது என்று பொருளல்ல. சங்கீத மண்டபத்தில் சுமார் 600 பேருக்கு மேல் உட்கார முடியாது. ஜூலை நடுவிலிருந்து ஐந்து வாரம், வாரக் கடைசியில்தான் கச்சேரி. என்ன வாசிக்கப் போகிறார்கள் என்பது சில நாட்களுக்கு முன்புதான் தெரியும்; டிக்கெட் வாங்குகிறவர் நம்பிக்கையை வாங்குகிறார். வருகிற இளைஞரின் எண்ணிக்கையையும் பெருக்கவில்லை. இதனால் இடம் கிடைக்காத திறமைசாலிகள் எத்தனையோ பேர் உண்டு. அது குறையே; ஆனால் 80 என்பது 800 ஆனால், அந்த ஜன்னலுக்குள் நடந்த வாதம் நடந்திராது.

இவ்வளவும் இருந்தும் விழாவுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் இருக்கவில்லை; எல்லாம் கலாசாலையின் உடைமையாக இருந்தது. அந்தக் கலாசாலையோ மாணாக்கர் குறைந்து, 2020-ல் மூடப்பட்டு, பாஸ்டனிலுள்ள எமர்ஸன் கலாசாலையோடு சேர்ந்தது. அதே வருஷம் தொற்று நோயினால் விழாவும் நடக்கவில்லை. குன்று வேறு கைக்கு மாறியது. வழக்கும் வம்பும் கிளம்பின. எழுபது வருஷமாக வந்தவர்கள் இனி எங்கே போவது என்று கலங்கிய சமயம் அது. கடைசியில் 2021-ல் சங்கீத ஸ்தாபனத்தார் முன்வந்து குன்றைத் தங்கள் பொறுப்பில் வாங்கினார்கள். அந்தக் கோடையிலேயே வாத்தியங்கள் திரும்பவும் ஒலித்தன.

ஒத்திகைக்கும் இசை நூல்களுக்குமென்று புதிதாக எழுந்த கட்டிடத்தை நாம் சுற்றிப் பார்த்தோம். மரவேலை கச்சிதமாக இருந்தது. புறப்படும்போது மாலையாகிவிட்டது. பழைய பண்ணை வீடு ஒன்றில் யாரோ ஒரு பெண் கிளாரினெட்டில் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பியானோவில் இன்னொருவர் அதற்காகக் காத்திருந்தார்.