உமி மாற்றுகிறவர்கள்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவைச் சுற்றிக் காலை நடைக்கு வருகிறவர்கள் எழுவதற்கு முன்பே அந்தத் தெருக்களில் சைக்கிள்கள் ஓடத் தொடங்கிவிடும். அப்படிப் போகிறவர்களில் ஒருவருக்கு வேலை ஆய்வக எலிகளைப் பராமரிப்பது. ஐம்பதைத் தாண்டிய வயது. அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கண்டோன்மென்ட்டில் தங்கிவிட்டவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வேலையிடத்தில் இரண்டோடு கொஞ்சம் இங்கிலீஷும். நகரின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தின் அனிமல் ஹவுஸில் அட்டெண்டர். சம்பளம் ஒப்பந்தக்காரர் வழியாக வருகிறது. தன் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வரக்கூடாது என்றார். பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவரோடு உள்ளே போனேன்.

வாசலிலேயே விதிகள் தொடங்கிவிடுகின்றன. செருப்பை வெளியே விட்டு, கை கழுவி, கவுன், தொப்பி, முகக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொள்ள வேண்டும். சென்ட் பூசிக்கொண்டு வரக்கூடாது. என் சாவிக்கொத்தையும் வெளியே வைக்கச் சொன்னார். "குலுங்குற சத்தம் நமக்கு ஒண்ணுமில்ல தம்பி, அதுங்க மிரண்டுபோயிடும்." நம் காதுக்கு எட்டாத கீச்சொலிகள் எலிகளுக்குக் கேட்கும். சாவி குலுங்கும்போதும் குழாய் சீறும்போதும் அத்தகைய ஒலிகள் எழுகின்றன.

அறையில் பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு. வெப்பம் 18 முதல் 29 டிகிரி, ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம், மணிக்கு 12 முதல் 15 தடவை காற்று மாற்றம் என்று, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவின் வழிகாட்டுதல் சொல்கிறது. புதிதாக வரும் எலிகளைக் குறைந்தது ஒரு வாரம் தனி அறையில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். இரவில் மின்சாரம் நின்று ஜெனரேட்டரும் மக்கர் செய்தால் காவலாளி முதலில் கூப்பிடுவது இவரைத்தான்.

கூண்டு மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். படுக்கைக்கு நெல் உமி. ஆட்டோகிளேவில் நீராவியில் சுத்தம் செய்து உலர்த்தியது. அதை அப்படியே கொட்டுவதில்லை. முதலில் சலித்துத் தூசியை நீக்குகிறார், தூசி எலிகளின் மூச்சுக்கு ஆகாது என்று. பிறகு விரல்களை உமிக்குள் ஓட்டிப் பார்க்கிறார், ஆணியோ கம்பியோ கிடந்தால் கையில் படட்டும் என்று. கடைசியாகப் பழைய கூண்டின் மூலையிலிருந்து, சுண்டெலிகள் கடித்துக் கூடாகச் செய்திருந்த காகிதத் துணுக்குகளில் காய்ந்ததாக ஒரு பிடி எடுத்துப் புதிய கூண்டில் வைக்கிறார். சொந்த வாசனை இல்லாத இடத்தில் விட்டால் ஆண் சுண்டெலிகள் சண்டை போட்டு ஒன்றையொன்று கடித்துவிடுமாம். நனைந்த உமியைச் சேர்த்து எடுத்துப்போட்டால் சண்டை இன்னும் கூடும் என்றும் சொன்னார். ஆய்வாளர்கள் சோதித்து எழுதியிருப்பதும் இதைத்தான். இவர் கூண்டின் முன்னால் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

சுண்டெலியைத் தூக்க அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு வைத்திருந்தார். எலி தானாக அதற்குள் நுழையும்வரை காத்திருந்து, குழாயோடு தூக்கி மறுகூண்டில் இறக்கினார். வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் உலகம் முழுக்க நெடுநாள் வழக்கம். அப்படித் தூக்கப்படும் சுண்டெலிகள் மனிதக் கைக்குப் பயந்தே வாழ்கின்றன என்றும், குழாயிலோ குவித்த கையிலோ எடுத்தால் அந்தப் பதற்றம் குறைகிறது என்றும் 2010-ல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் காட்டினார்கள். பயந்த எலியிடமிருந்து கிடைக்கும் அளவுகளை எப்படி நம்புவது? பரிவும் நல்ல அறிவியலும் இங்கே ஒரே வேலைதான்.

வரிசையாக நடந்துகொண்டிருந்தவர் ஒரு கூண்டின் முன் நின்றார். வெள்ளெலி ஒன்று முதுகைக் கூனிக்கொண்டு, முடி சிலிர்த்து, மூலையில் உட்கார்ந்திருந்தது. கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவந்த கறை. நான் ரத்தமா என்று கேட்டேன். இல்லை, கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியின் திரவம். எலி நோயிலோ வேதனையிலோ இருக்கும்போது அதிகமாகச் சுரக்கும், தன்னைத் துடைத்துக்கொள்ளவும் எலி விட்டுவிடுவதால் கறை தங்கிவிடும். "நேத்து இது சரியா தின்னல" என்று பதிவேட்டில் எழுதி, ஆராய்ச்சி மாணவிக்குப் போன் செய்தார். அவர் வந்து எடை பார்த்தார். குறைந்திருந்தது. கால்நடை மருத்துவரை அழைத்தார்கள். அந்த எலி அன்றே சோதனையிலிருந்து விலக்கப்பட்டது. பலவீனத்தைக் காட்டிக்கொள்ளாமல் மறைப்பது எலியின் இயல்பு. அன்றாடம் பார்க்கிற கண்ணுக்குத்தான் அது பிடிபடும்.

சோதனையே கூடாது என்று சொல்கிறவன் அல்ல நான். 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வு, பிறகு ஹைதராபாத் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. நம் சோற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று அங்கே நாம் கற்றதில் எலிகளுக்கும் பங்கு உண்டு. அந்தக் கடனை மறக்கக்கூடாது என்பதற்காகவே விதிகள் வேண்டும்.

அந்த விதிகளுக்கு வழிதிறந்தவர் நமக்குத் தெரிந்த ஒருவர். 1953-ல் மாநிலங்களவையில் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்த ருக்மிணி தேவி அருண்டேல். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்த பிறகு அவர் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். கலாக்ஷேத்ராவுக்காக அவரைக் கொண்டாடுகிற நாம் இந்தப் பணியைப் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் வருத்தம். அந்தச் சட்டம் சோதனையைத் தடை செய்யவில்லை. வேறு வழி இருந்தால் விலங்கைத் தொடாதே, தொட்டால் வலியைத் தவிர் என்றது. 1998-ன் விதிகள் இன்னும் விரிவாக, சோதனை நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்துகொண்டு ஒரு நெறிமுறைக் குழு வைக்க வேண்டும் என்றன. எத்தனை எலி, எதற்காக, குறைக்க முடியாதா என்று அந்தக் குழு கேட்கும்.

அந்தக் குழுவில் உயிரியல் அறிஞர், வேறு துறை அறிஞர்கள் இருவர், கால்நடை மருத்துவர், விலங்குக்கூடப் பொறுப்பாளர், வெளி நிறுவன அறிஞர், அறிவியல் துறை சாராத சமூக அக்கறையாளர், மத்தியக் குழுவின் பிரதிநிதி ஆகியோருக்கு இடம் உண்டு. கூண்டின் முன் தினமும் நிற்பவருக்கு இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ம் ஆண்டுக் கட்டளை, விலங்குகளின் பராமரிப்புக்குப் பொறுப்பானவர்கள் ஒவ்வொரு ஆய்வகத்தின் நலக் குழுவிலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. நாம் அதையும் தாண்டி, உமி மாற்றுகிறவரையே கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். ஒப்பந்த வேலை என்று ஆண்டுக்கொரு ஆளை மாற்றினால் இந்தக் கண்ணும் கையும் எப்படிப் பழகும்?

கேண்டீனில் டீ குடிக்கும்போது ஊரடங்குக் காலத்தைப் பற்றிக் கேட்டேன். 2020-ல் ஆய்வகங்கள் பூட்டப்பட்டிருந்தபோதும் எலிகளுக்குத் தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும். போலீஸ் பாஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத சாலையில் தினமும் சைக்கிள் மிதித்ததாகச் சொன்னார். ஒரு சோதனை முடியும் நாளில் என்ன செய்வார் என்றும் கேட்டேன். மற்ற விலங்குகள் இருக்கும் அறையில் எதையும் கொல்லக்கூடாது என்பது விதி. கூண்டை அடுத்த அறைக்குத் தூக்கிப்போய்க் கொடுப்பது இவர் வேலை. "கொடுத்துட்டுத் திரும்பிப் பாக்க மாட்டேன்" என்றார்.

"கமிட்டியில உங்களை உக்கார வெச்சா என்னண்ணே கேப்பீங்க?"

யோசிக்கவே இல்லை அவர். "எல்லாக் கூண்டுக்கும் ஒரு குழாய்த் துண்டு. ஜெனரேட்டரை மாசம் ஒருக்கா ஓட்டிப் பாக்கணும். ஞாயித்துக்கிழமைக்கு இன்னொரு ஆள் வேணும் தம்பி, அன்னிக்கு நான் ஒருத்தன்தான், எல்லாக் கூண்டையும் நின்னு பாக்க முடியல."