வளையமாய் அரிந்த வெங்காயம்

வவுனியா நகரத்து உணவகம் ஒன்றின் பட்டியலில் 'ஒனியன் ரிங்ஸ்' பார்த்தேன். ஒரு தட்டில் எட்டோ பத்தோ வளையங்கள், பக்கத்தில் ஒரு கரண்டி சோஸ். அந்தக் காசுக்கு எத்தனை கிலோ பம்பாய் வெங்காயம் வாங்கலாமென்று உடனே கணக்குப் போடுவது வாத்தியார் புத்தி. என் மகனுக்கோ கணக்கில் அக்கறையில்லை. "நோன்பு திறக்க இதை வீட்டில் செய்வோம் வாப்பா" என்றான்.

2024 ஆம் ஆண்டு நோன்பில் இப்படிக் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். 2023 டிசம்பர் 8 இல் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. ஏப்ரலில் இலங்கைக்குப் பத்தாயிரம் தொன் அனுமதித்தார்கள். தடை முற்றாக நீங்கியது மே மாதத்தில்தான். அந்த நோன்பில் எங்கள் வீட்டுச் சமோசாவுக்குள் உருளைக்கிழங்குதான் இருந்தது. ஓகஸ்டில் தம்புள்ளைப் பக்கத்து வெங்காயம் வந்தால் விலை இறங்கும். ஆனால் புதுசில் அதில் ஈரம் கூட.

பொரியலுக்கு எதிரி அந்த ஈரந்தான். வெங்காயத்தில் நூற்றுக்கு எண்பத்தொன்பது பங்கு நீர். கொதிக்கும் எண்ணெயில் அது ஆவியாகி வெளியேறப் பார்க்கும். மா அதைத் தடுத்தால் உள்ளே அவிந்து குழைந்துவிடும். எனவே சிறுவிரல் பருமனில் வளையங்களாக அரிந்து, ஒவ்வொரு அடுக்கின் உட்புறமும் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை உரித்துவிட வேண்டும். இதைச் செய்யாதவர்களின் வளையத்தைக் கடித்தால் வெங்காயம் முழுதாக வழுகி வர, வெறும் மாக்கூடு கையில் மிஞ்சும். வளையங்களைக் குளிர்நீரில் கால்மணி நேரம் வைத்தால் காரம் தணியும். பிறகு துணியில் நன்றாக ஒற்றி, உலர்ந்த கோதுமை மாவில் புரட்ட வேண்டும். கலவைக்கு ஒரு கோப்பை கோதுமை மா, அரைக் கோப்பை அரிசி மா, உப்பு, மிளகாய்த்தூள். அரிசி மா வறுக்காததாக இருக்கட்டும். புட்டு மா இதற்கு ஆகாது. கரைப்பது குளிர்ந்த சோடாவில். சோடாவின் காபனீரொட்சைட்டுக் குமிழிகள் மாவை இலகுவாக்கும். ஒரு துளி மா விட்டதும் சீறி மேலே வந்தால் எண்ணெய் தயார். ஒரே தடவையில் நாலைந்துக்கு மேல் போட்டால் எண்ணெய் ஆறிப்போகும்.

இதையெல்லாம் கதிரையில் இருந்தபடி உம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "வெங்காயத்த மாவுக்குள்ள ஒளிச்சு வச்சுத் திங்கிறதுக்கா?" என்றார்.

வெங்காயம் பற்றிப் பேச எங்கள் வீட்டில் உம்மாவுக்குத்தான் உரிமை. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. முல்லைத்தீவுத் தண்ணீரூற்றிலிருந்து புறப்பட்ட நாங்கள் கற்பிட்டியில் ஓலைக் கொட்டிலொன்றில் தங்கினோம். அங்கே மணல் நிலத்தில் கிணற்று நீர் இறைத்துச் சின்ன வெங்காயம் பயிரிடுவார்கள். நடுகைக்கும் களை பிடுங்கவும் பெண்கள் நாட்கூலிக்குப் போனார்கள். உம்மாவும் போனார். வாப்பாவின் கடை முல்லைத்தீவில் இருந்த காலத்தில் வெயிலில் குந்தியிருந்து அறியாதவர். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் பின்னால் போவேன். வெங்காயத்தின் கழுத்தை இரு விரலால் அமுக்கிப் பார்த்து, இது சேமிக்கத் தாங்கும், இது நாளையே அழுகும் என்று சொல்லும் வித்தையை உம்மா அங்கேதான் கற்றார். கழுத்து மெலிந்து காய்ந்திருந்தால் நல்லது. இன்றும் சந்தையில் நான் அமுக்கிப் பார்த்தே வாங்குகிறேன். கடைக்காரர்கள் முகம் சுளிப்பதுண்டு.

அந்தத் தோட்டத்தில் உடைந்த வெங்காயம் கையளவு தருவார்கள். அதுதான் இரவுச் சம்பலுக்கு. முழு வெங்காயம் விற்பனைக்குரியது. ஆகவே மூன்று பெரிய வெங்காயங்களை ஒரே மாலையில் வளையமாக்கியது உம்மாவின் கண்ணுக்கு வீண்செலவாகத் தெரிந்ததில் எனக்கு வியப்பில்லை. மகனுக்கோ அவர் முகம் மாறியது புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை, அடுப்பில் எண்ணெய் இருந்தது.

ஒரு வேடிக்கைக்காக, 2020 இல் கிழக்கு லண்டன் பள்ளிவாசலில் நூற்றெழுபத்தைந்து கிலோவுக்கு மேற்பட்ட ஒரே வெங்காய பஜ்ஜி பொரித்து உலக சாதனை செய்த கதையைச் சொன்னேன். "அதுக்கு எத்தனை பேர் அழுதாங்களோ?" என்றார் உம்மா. மகன் சிரித்தான். உரிக்கும்போது வந்த கண்ணீரைச் சொல்கிறார் என்று நினைத்தான்.

அதான் கேட்டது. ஈச்சம்பழமும் கஞ்சியும் முடிந்த பின் வளையங்களை எடுத்தோம். மொறுமொறுப்பாகவே இருந்தன. உம்மா ஒன்றை எடுத்து, மாவை விலக்கி, உள்ளிருந்த வெங்காயத்தை மட்டும் தின்றார். அடிச்சட்டியில் கலவை மிஞ்சியிருந்தது. எழுந்து போய், நான் ஒதுக்கிவைத்த நுனிகளையும் நடுத்துண்டுகளையும் பச்சைமிளகாயோடு பொடியாக அரிந்து அதில் போட்டுப் பிசைந்தார்.

"எண்ணெய இறக்கிராத மகன்" என்றார்.