முருங்கைக்கும் மருந்து உண்டு

முருங்கை சீக்கிரம் ஒடியும் மரம். அதனால் ஆடிக் காத்துக்கு முன்னாலேயே கிளைகளைக் கழித்து விடுவார்கள். எங்கள் வீட்டு முருங்கையையும் காய் ஓய்ந்ததும் மாமா மூன்றடி உயரத்தில் வெட்டினார்.

மூன்றாம் நாள் வெட்டுவாயில் பிசின் வடிந்திருந்தது. முதலில் வெள்ளையாக இருந்தது, அப்புறம் ரத்தம் மாதிரி சிவந்து விட்டது. "மரம் அழுகுதுடி, இனிமே பிழைக்காது" என்றார் அப்பத்தா. எனக்குப் பயமாகி விட்டது. காய் விற்ற காசில்தான் ஜூன் மாதம் எனக்கும் தம்பிக்கும் நோட்டு வாங்குவோம்.

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "நமக்குக் காயம் பட்டா ரத்தம் உறைஞ்சு பொருக்கு கட்டுதுல்ல, அது மாதிரிதான். மரம் தன் காயத்தைத் தானே மூடுது. பிசினைச் சுரண்டாதே. வெட்டுவாயில தண்ணி இறங்கி அழுகாம மட்டும் பார்த்துக்கோ" என்றார். அதற்குப் போர்டோ பசை பூச வேண்டுமாம். மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம் இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துச் சேர்க்க வேண்டும். மொத்தத் தண்ணீர் 1 லிட்டர். இரும்பு வாளி கூடாது. மயில்துத்தம் விஷம், அதனால் பெரியவர்கள்தான் கலக்க வேண்டும்.

மாமா கலந்து பூசினார். அப்பத்தா விடவில்லை. பசை காய்ந்ததும் மேலே சாணி உருண்டையும் வைத்தார்!

இப்போது சுற்றிலும் துளிர் வந்து விட்டது. நல்ல துளிர் நாலை விட்டு மற்றதை அம்மா கிள்ளினார். அன்று எங்கள் வீட்டில் கீரைப் பொரியல். யார் வைத்தியம் பலித்தது என்று அப்பத்தாவிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

தோழிகளே, வெட்டாத இடத்தில் பிசின் வடிந்தால் பட்டையில் பூச்சி துளைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி