காலை ஆறு மணிக் கணக்கு

புது வீட்டுக்கு வயரிங் பேசப் போனால், எத்தனை பாயிண்ட், பாயிண்டுக்கு என்ன ரேட்டு என்றுதான் பேச்சு தொடங்கும். அதற்கு முன்னால் வீட்டுக்காரம்மாவிடம் நான் ஒன்று கேட்பேன்: "யக்கா, காலைல ஆறு மணியிலருந்து எட்டு மணி வரைக்கும் உங்க வீட்டுல என்னென்ன ஓடும்?"

வீட்டுக்காரர் ஹாலில் டிவி வரும் சுவரைக் காட்டிக்கொண்டிருப்பார். எது எப்போது ஓடும் என்பது அடுப்படியில் நிற்பவருக்குத்தான் தெரியும். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பணும். சட்னிக்கு மிக்ஸி, சோற்றுக்கு ரைஸ் குக்கர், யூனிபார்முக்கு அயர்ன் பாக்ஸ், குளிக்க ஹீட்டர். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. எல்லாம் சேர்ந்து ஓடுகிற அந்த இரண்டு மணி நேரத்தை வைத்துத்தான் நான் வயரைத் தீர்மானிக்கிறேன்.

எங்கள் காரியாபட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் பழைய வீடுகளில் சுவரில் ரீப்பர் கட்டை அடித்து வயர் ஓட்டியிருப்பார்கள். லைட்டு லைனுக்கு 1/18 என்கிற ஒற்றைக் கம்பி வயர். ஹாலுக்கு ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், ரேடியோ வைக்க ஒரு பிளக். அன்றைய பிழைப்புக்கு அது சரியான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. 2006-ல் அரசு கொடுத்த கலர் டிவி வந்தது. அது பெரிய லோடு இல்லை. 2011-ல் அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மூன்றும் வீடு வீடாக வந்தன. ஆட்டுக்கல்லில் குனிந்து குனிந்து மாவாட்டிய பெண்களின் இடுப்புவலியைப் பார்த்து வளர்ந்தவன் நான்; அந்தத் திட்டத்தை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பொருள்கள் வந்தபோது சுவரில் இருந்த வயரை யாரும் மாற்றவில்லை. பிறகு சொந்தக் காசில் இண்டக்‌ஷன் அடுப்பும் ஹீட்டரும் அதே லைனில் வந்து ஏறின.

கணக்கு எளிதுதான். வாட்டை 230-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட ஆம்பியர் வந்துவிடும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்பியர். 700 வாட் ரைஸ் குக்கர் 3. இரண்டும் ஒரே லூப்பில் ஓடினாலே ஏழு ஆம்பியரைத் தாண்டிவிடும். 2000 வாட் இண்டக்‌ஷன் ஒன்றே 8.7 ஆம்பியர் இழுக்கும். கரண்டு இரண்டு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்காகும். இதைத்தான் ஆட்களுக்குப் புரியவைக்க நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. மருந்து அறையில் பகல் வெளிச்சத்தில்தான் வேலை. அறைக்கு இத்தனை ஆள், இவ்வளவு மருந்து என்று அளவு இருக்கிறது. அளவு மீறினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் அறைக்கு இருக்கிற மாதிரி வயருக்கும் ஓர் அளவு உண்டு என்று மட்டும் சொல்வேன். உடனே புரிந்துகொள்வார்கள்.

ஒரு வீட்டில் "சுவிட்ச் போர்டுலருந்து மீன் வாடை அடிக்குது, எலி கிலி செத்துக் கிடக்கானு பாரு தம்பி" என்று கூப்பிட்டார்கள். எலி இல்லை. போர்டின் பிளாஸ்டிக் சூடேறினால் அப்படித்தான் நாறும். கழற்றினேன். அயர்ன் பாக்ஸ் சொருகும் பிளக்கில் ஒரு துளையைச் சுற்றி மஞ்சளாகிப் பழுப்பேறியிருந்தது. உள்ளே பித்தளைப் பிடி விரிந்து தளர்ந்துபோய், ஸ்க்ரூவில் மாட்டியிருந்த வயரின் தோல் விரலால் தொட்டதும் உதிர்ந்தது. "இம்புட்டு நாளா இதுலதானப்பா தேய்க்கிறோம்" என்றார் அந்த அம்மா. ஆமாம், அத்தனை நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வெந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

6 ஆம்பியர் பிளக்கின் துளை சிறிது, 16 ஆம்பியருக்குப் பெரிது. பெரிய லோடு சின்ன லைனில் ஏறிவிடக் கூடாது என்று யோசித்துத்தான் அப்படிச் செய்தார்கள். அந்தத் தடையை, பெரிய பின்னைச் சின்னத் துளையில் சொருக விடும் மலிவான கன்வெர்ஷன் பிளக் ஒன்று உடைத்துவிடுகிறது. கடையில் அதைத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

லோடு அளவு மீறினால் தானாக விழும் எம்.சி.பி. இருக்கிறதே என்பார்கள். அது வயரைக் காப்பதற்கு. வயருக்கேற்ற அளவில் போட்டால்தான் காக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியருக்கு விழாமலே ஓடும். 23 ஆம்பியருக்கு விழ ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி 32 போட்டுவிட்டால், முதலில் உருகுவது சுவருக்குள் இருக்கும் வயர். லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 ஸ்கொயர் மி.மீ. வயர் என்று நான் பிரித்துப் போடுகிறேன். ஹீட்டருக்கும் இண்டக்‌ஷனுக்கும் மெயினிலிருந்து தனித்தனி லைன். மே மாதத்தில் இங்கே மாடிக் கான்கிரீட் கொதிக்கிறது. அதில் புதைந்த பைப்பில் வயர்களை நெருக்கித் திணித்தால் அவற்றின் தாங்குதிறன் இன்னும் குறையும்.

கோடையில் வோல்டேஜ் இறங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 180-க்கு வந்தால் ஹீட்டர் மெதுவாகக் காயும், அவ்வளவுதான். அதன் கரண்டும் குறைந்துவிடும். போர் மோட்டார் நேர்மாறு. வோல்டேஜ் குறையக் குறைய அது கூடுதலாக இழுக்கும், காயில் சூடாகும். அதனால் மோட்டாரோடு அடுப்படி லைனைச் சேர்க்கவே கூடாது.

எர்த் விஷயத்தில் நம் கரிசல் மண் மழைக்காலத்தில் அருமையாக இருக்கும். ஈரம் பிடித்து வைப்பதால் கரண்டு நன்றாக இறங்கும். பங்குனி, சித்திரையில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கம்பியை விட்டு விலகிவிடுகிறது. அப்போதுதான் கிரைண்டரைத் தொட்டால் விறுவிறு என்கிறது என்று போன் வரும். எர்த் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வேன். எர்த்துக்கான மூன்றாவது துளைக்கு வயரே கொடுக்காத பிளக்குகளும் நிறைய உண்டு. பார்த்தால் மற்றதைப் போலவே இருக்கும். எர்த் எப்படி இருந்தாலும் கரண்டு கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மெயினில் இருக்கட்டும். மின்வாரியமே அதை உயிர்காக்கும் சாதனம் என்கிறது.

இப்போது கட்டுகிற வீடுகளில், கொத்தனார் பூசுவதற்கு முன்னால், மெயின் போர்டிலிருந்து அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் தலா ஒரு காலி பைப் பதிக்கச் சொல்லி, உள்ளே கம்பி விட்டு இரண்டு முனையையும் மூடி வைக்கிறேன். இன்று செலவு கொஞ்சம்தான். ஏசியோ, இன்னும் பேர் தெரியாத ஏதோ ஒன்றோ வரும் அன்றைக்கு, சுவரை உடைக்காமல் தனி லைன் இழுத்துக்கொள்ளலாம்.