பாலைவன மலை உச்சியில் மழைநீர்த் தொட்டி! மசாடா சொல்லும் சுத்தக் கணக்கு

இஸ்ரேலில் சாக்கடலுக்கு அருகே நிற்கிறது மசாடா மலைக்கோட்டை. கேபிள் காரில் உச்சிக்குப் போனால் சுற்றிலும் பாலைவனம்தான். குடிக்கத் தண்ணீர் கிடைத்தாலே பெரிய விஷயம். ஆனாலும், சுமார் 1,950 ஆண்டுகளுக்கு முன்பு ரோமானியர்களை எதிர்த்து இங்கே தங்கியிருந்த யூதர்கள், கோட்டைச் சுவரையொட்டி நீராடும் தொட்டி ஒன்றைக் கட்டினார்கள். அதன் பெயர் மிக்வே.

இது அழுக்குப் போகக் குளிக்கும் இடமல்ல. நன்றாகக் குளித்து, தலைவாரி, நக இடுக்கு அழுக்கையும் நீக்கிய பிறகுதான் இதில் முங்க வேண்டும். உடம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது, மோதிரம்கூட!

இன்னொரு விதியும் உண்டு. சுமந்து வந்து ஊற்றிய தண்ணீர் மட்டும் இதற்குச் செல்லாது. தானாக வந்து சேர்ந்த நீர் 40 'சேயா' அளவு வேண்டும். அதனால் மழைநீருக்குத் தனித்தொட்டி அமைத்து, சிறு துளை வழியே முங்கும் தொட்டியோடு இணைத்தார்கள்.

1960-களில் யிகேல் யாடின் தலைமையில் அகழாய்வு நடந்தபோது, யூத மதகுருமார்கள் மலையேறி வந்து தொட்டியை அளந்து பார்த்தார்கள். எல்லாம் விதிப்படி சரியாக இருந்தது. போருக்கு நடுவிலும் அந்தக் கணக்கு தப்பவில்லை!